உன் ஏரிப் படத்துக்கு நான் நயம் எழுதமாட்டேன்

தம்பி,

தனியாக எழுதியவற்றுக்கெல்லாம் நீ படம் அனுப்பிவிட்டாய். சித்திரை மாதம் நான் வாட்ஸ்அப்பில் எழுதிய நீண்ட செய்திக்கு, ஜன்னல் ஓரத்தில் ஆவி பறக்கிற ஒரு கோப்பிக் கோப்பையின் படம் வந்தது. அதற்குப் பிறகு எழுதியதற்கு வளைந்து போகிற ஒரு ரயில் பாதை. அதனால்தான் இந்த முறை பத்திரிகைக்கு எழுதுகிறேன். அச்சில் வந்ததற்குப் படத்தால் பதில் சொல்வது உனக்கும் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன். வீட்டு விஷயத்தை வெளியில் கதைக்கிற ஆள் நான் இல்லை என்று உனக்குத் தெரியும். உன் அப்பா எங்களோடு இல்லை என்பதே இந்தத் தொடர்மாடியில் பலருக்குக் காலம் போய்த்தான் தெரியவந்தது. என்றாலும் எழுதுவதற்கு முன், என்னைப் போலவே உன் படங்களைப் பெறுகிற அவளிடம் கேட்டேன். "எழுதுங்கோ டீச்சர், பேர் மட்டும் போடாதேங்கோ. அம்மா பேப்பரை மரண அறிவித்தல் வரைக்கும் விடாமல் வாசிக்கிறவா" என்றாள். ஆகவே இதில் அவள் அவள்தான், நீ நீதான்.

வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். நான் உயர்தர மாணவர்களுக்குத் தமிழ் இலக்கியம் படிப்பிக்கிறவள். பகலில் பள்ளிக்கூடம், பின்னேரத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு முன்னறையில் ரியூஷன். நீயும் அவளும் ஒரே வகுப்பில் இருந்தீர்கள். அவள் முன்வரிசை. நீ சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, கேட்காதவன் மாதிரிக் கேட்டுக்கொண்டிருப்பாய். மற்றப் பிள்ளைகள் உன்னை "ஓசி ஸ்டூடன்ட்" என்று பகிடி பண்ணுவார்கள். அந்த வகுப்பில் நான் அதிகம் பயிற்றுவித்தது ஒரு கேள்வியைத்தான். பாட்டைத் தந்து, 'நயம் எழுதுக' என்று கேட்பார்கள். பாட்டில் ஒரு நாரை நிற்கும். அது ஏன் நிற்கிறது, யாருக்காக நிற்கிறது, அதன் காலடியில் ஓடுகிற தண்ணீர் எதைக் குறிக்கிறது என்று பிள்ளைகள் எழுதவேண்டும். சரியாக எழுதினால் பத்துப் புள்ளி. அவளுக்கு எப்போதும் பத்துக்கு ஒன்பது. அந்த ஒன்றையும் எழுத்துப்பிழைக்குத்தான் குறைப்பேன்.

பழைய கவிஞர்கள் காதலைக் காதல் என்று சொன்னதில்லை என்று நான் உங்களுக்குச் சொல்லித் தந்தேன். அவர்கள் மலையைச் சொன்னார்கள், உப்பங்கழியைச் சொன்னார்கள், காய்ந்த காட்டைச் சொன்னார்கள். நிலம் மாறினால் மனம் மாறும். கடல் என்றால் பிரிந்தவரை நினைத்து இரங்குவது. நண்டைச் சொன்னால் நண்டு மட்டும் இல்லை, உள்ளே வேறு ஒருவர் இருக்கிறார். இதற்கு உள்ளுறை என்று பெயர். இவ்வளவையும் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒழுங்கை முடிவில் உண்மையான கடல் இரைந்துகொண்டிருக்கும், பாணந்துறைப் பக்கம் போகிற ரயில் சத்தம் போட்டுக்கொண்டு போகும், நான் குரலை உயர்த்துவேன். அழகான வகுப்புகள்தான் அவை. பிள்ளைகள் அமைதியாகிவிடுவார்கள். பதினேழு, பதினெட்டு வயதில் நேராகச் சொல்ல வாய் வராத ஒன்றுக்கு இவ்வளவு கௌரவமான வழி இருக்கிறது என்று கேட்டால் யார்தான் அமைதியாகமாட்டார்கள். நீயும் அமைதியானாய். நான் அதைக் கவனித்தேன், பெருமையும்பட்டேன்.

நீ கனடாவுக்குப் போன பிறகு அவள் என்னிடம் வருவது நிற்கவில்லை. முதலில் புத்தகம் வாங்க வந்தாள். பிறகு, ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தபின், வேலை முடிந்து போகிற வழியில் ஏறி இறங்குவாள். ஒரு நாள் வகுப்பு கலைந்து பிள்ளைகள் செருப்புத் தேடிக்கொண்டிருக்கும்போது போனை எடுத்து நீட்டினாள். இரண்டு பேர் உட்காரக்கூடிய, பனி மூடிய ஒரு நீள வாங்கு. வாங்கின் ஒரு பாதியில் மட்டும் பனி தட்டிவிடப்பட்டிருந்தது.

"டீச்சர், இது ஆர் அனுப்பினது எண்டு கேக்கமாட்டீங்களே?"

"கேக்கேல்ல."

"அப்ப இதைப் பாருங்கோ. ஒரு பக்கம் மட்டும் துடைச்சுக் கிடக்கு. மற்றப் பக்கம் எனக்கு எண்டு நான் நினைக்கிறன். சரியா?"

அதை நீ அனுப்பியது என்று எனக்கு உடனே தெரிந்தது. எனக்கும் அதே வாங்கை அனுப்பியிருந்தாய். இருந்தும் நான் சிரித்தேன். "நல்லாத்தான் வாசிக்கிறீர் பிள்ளை" என்றேன். அவளுடைய முகம் மலர்ந்ததைச் சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு அவள் எல்லாப் படங்களையும் கொண்டுவந்தாள். ஒற்றை இலையோடு நிற்கிற மரம், வெளிச்சம் எரிகிற ஒரே ஜன்னல், பனியில் போய்த் திரும்பாத கால்தடம். ஒவ்வொன்றுக்கும் அவள் நயம் சொன்னாள், நான் திருத்தினேன். சில நேரம் அவள் காணாததைக்கூட நான் எடுத்துக் காட்டினேன். இவற்றோடு ஒரு சொல் வந்ததா என்று ஒருபோதும் கேட்கவில்லை. வந்திருக்கவில்லை என்று பிறகுதான் அறிந்தேன். நான்கு வருடத்தில் நீ அவளுக்கு 'வருவேன்' என்று எழுதியதில்லை. 'காத்திரு' என்று எழுதியதில்லை. 'உன்னை விரும்புகிறேன்' என்று எந்த மொழியிலும் எழுதியதில்லை. குட்மோர்னிங் கூட ஒரு சூரியனாகத்தான் போயிருக்கிறது.

இந்த இடத்தில் உன் அப்பாவைப் பற்றி எழுதவேண்டியிருக்கிறது. அவர் இதை வாசித்தாலும் கோபிக்கமாட்டார். கோபித்தால் போன் எடுத்துச் சொல்வார். அவர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர், கோட்டையில் ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க். கம்பஸ் முடித்த கையோடு நான் அங்கே கொஞ்ச மாதம் வேலை செய்தேன். வேலை முடிந்து நான் ரயில் ஏறினால் அவரும் ஏறுவார், வெள்ளவத்தையில் என்னோடு இறங்கி, அடுத்த ரயிலில் திரும்பிப் போவார். ஒரு மாதம் இப்படி நடந்தது. ஒரு பின்னேரம் ஸ்டேசனில் நின்றபடி, "எனக்கு உங்களப் புடிச்சிருக்கு. ஞாயித்துக்கெழம மம்மியக் கூட்டிக்கிட்டு உங்க வீட்டுக்கு வந்து கேக்கவா?" என்றார். என் தலை முழுக்க அப்போது நெய்தல் திணை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இவ்வளவு பெரிய கடல் முன்னால் கிடக்க, இப்படியா ஒருவர் கேட்பார் என்று நினைத்தேன். "கடல் இண்டைக்கு எவ்வளவு அமைதியாக் கிடக்குது, பாத்தீங்களா" என்று நான் ஏதோ தொடங்கிக் கொடுத்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கடல் அது பாட்டுக்குக் கெடக்கட்டும் மிஸ். ஓமா, இல்லையா? ட்ரெயின் வருது."

ஓம் என்றேன். எங்கள் வீட்டில் பெரிய சண்டை நடந்தது, அது வேறு கதை. நேராகக் கேட்டவர் நல்ல கணவராக இருந்தார், நாங்கள் சந்தோஷமாக இருந்தோம் என்று நான் உனக்கு எழுதப்போவதில்லை. உனக்குத்தான் தெரியுமே. உனக்குப் பதினொரு வயது, மதியச் சாப்பாடு. அவர் கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடி கதிரையில் இருந்தார். "இனி எனக்கு இங்க இருக்க ஏலாது. நான் கொட்டாஞ்சேனைக்கே போறேன். ஒங்க ரெண்டு பேர்லயும் கோவமில்ல" என்றார். காரணம் கேட்டேன். அதையும் சொன்னார். "நான் சொல்றத நீங்க கேக்கிறதில்ல. நான் சொல்லாததத்தான் எப்பவும் கேட்டுக்கிட்டிருக்கீங்க. பசிக்குதுன்னா பசிதான். தலவலின்னா தலவலிதான். எனக்குள்ள வேற ஆள் இல்ல." அவர் சொன்னது சரி. அவர் ஜன்னலடியில் நின்றால் அவர் எதையோ இழந்துவிட்டார் என்று நான் நினைப்பேன். அவர் மழை வருமா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அவர் தன் அக்கா வீட்டுக்குப் போனார், இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். அந்த நேரான வசனத்துக்காக நான் அவரை இன்னும் மதிக்கிறேன். மறுநாள் காலையில் எழும்பும்போது நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் உனக்கு? மேசையின் மறுபக்கத்தில் நீ இருந்தாய். ஒரு மனிதன் வாயைத் திறந்து நேராக ஒரு வசனம் சொன்னால் வீடு இரண்டாகிவிடும் என்று அன்றைக்கு நீ படித்துக்கொண்டாயோ என்று இப்போது யோசிக்கிறேன். யோசிப்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை. அடுத்த கிழமை நீ என்னிடம், "அப்பாவுக்கு எங்களில அன்பு இல்லையா?" என்று கேட்டாய். இருக்கு என்றோ தெரியாது என்றோ நான் சொல்லியிருக்கலாம். அவர் அந்த ஞாயிறு இறால் கொண்டு வந்திருந்தார். "பார் தம்பி, நீ ஓடு உரிக்கப் பஞ்சிப்படுவாய் எண்டு உரிச்செல்லோ கொண்டு வந்திருக்கிறார்" என்றேன். நீ இறாலைப் பார்த்தாய், தலையாட்டினாய். நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் நீ இறாலைப் பற்றிக் கேட்கவில்லை.

இனி நடப்புக்கு வருகிறேன். அவளுக்குக் கலியாணம் பேசி வந்திருக்கிறது. பெடியன் லண்டனில் வேலை, லீவில் வந்திருக்கிறான், மாதக் கடைசியில் திரும்பிவிடுவான். சாதகம் பொருந்தியிருக்கிறது. அவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது. அந்தக் கிழமை அவள் உன்னிடம் கேட்டிருக்கிறாள், "நான் காத்திருக்கோணுமா? ஓம், இல்லை, ரெண்டில ஒண்டு சொல்லு" என்று. அவள் அப்படி நேராகக் கேட்டது அதுதான் முதல் தடவை. எழுதி, அழித்து, மறுபடி எழுதி அனுப்பியதாகச் சொன்னாள். நீ ஒரு ஏரியை அனுப்பினாய்.

அதே கிழமை நான் உனக்குப் போன் எடுத்தது நினைவிருக்கும். எங்களுக்குப் பின்னேரம், உனக்கு விடியற்காலை. நீ பல் தீட்டிக்கொண்டே கதைத்தாய்.

"அவளைக் கட்டப்போறியா?"

"என்னம்மா விடியவே. இப்பிடி ஸ்ட்ரெயிட்டாக் கேட்டா என்ன சொல்றது?"

"ஓம் எண்டு சொல்லலாம். இல்லை எண்டும் சொல்லலாம்."

"இங்க நிரந்தரமா இருக்க பி.ஆர். வரட்டும் அம்மா."

"வந்தா?"

"வந்தாப் பாப்பம்."

"அவளுக்கு என்னடா சொல்றது?"

"அவளுக்கு விளங்கும். உங்கட ஸ்டூடன்ட்தானே." சிரித்தாய். பிறகு கொஞ்சம் கடுமையாக, "நான் அவளைக் காத்திருக்கச் சொல்லேல்லயே அம்மா. மெசேஜ் எல்லாம் எடுத்துப் பாருங்கோ. ஒரு இடத்தில சொல்லியிருக்கிறனா?" என்றாய்.

சொல்லவில்லை. அதுதான் உண்மை. அந்தப் படங்களை எல்லாம் புதுக்கடைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய் வைத்தாலும் உன்னைப் பிடிக்க எந்தச் சட்டத்தரணியாலும் முடியாது. வாங்கு, மரம், ஜன்னல், ஏரி. எதிலும் உன் கையெழுத்து இல்லை. வகுப்பில் நான் தந்த உள்ளுறை என்ற நல்ல பொருளை நீ எதற்குப் பாவித்திருக்கிறாய் என்று அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் எனக்கு விளங்கியது.

ஏனென்றால் நான் வகுப்பில் அவசரமாகக் கடந்துபோன ஒரு விஷயம் இருக்கிறது. பரீட்சைக்கு வராது என்பதால் கடந்துபோனேன். அந்தப் பாட்டுகளில் நண்டையும் நாரையையும் சொல்வது பெரும்பாலும் யார் என்று எண்ணிப்பார். அவள் சொல்வாள், அல்லது அவளுடைய தோழி சொல்வாள். அவன் வேலிக்குப் பின்னால் நிற்பான். அவன் காதில் விழவேண்டும் என்றுதான் இவர்கள் பறவையைப் பற்றிக் கதைப்பார்கள். வீட்டில் காவல், ஊரில் பேச்சு, நேராகக் கேட்க அவளுக்கு இடமில்லை. அதனால் கேள்வியை ஒரு பறவையின் மேல் ஏற்றி அனுப்புகிறாள். அந்த உள்ளுறை எல்லாவற்றையும் உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது அநேகமாக ஒரே ஒரு சாதாரணக் கேள்வி: என்னை எப்போது கட்டப்போகிறாய்? கேட்க முடியாதவளுக்குத்தான் மறைபொருள் வேண்டும். பதில் சொல்ல வேண்டியவனுக்கு என்ன மறைபொருள்? உன்னை யார் காவல் வைத்திருக்கிறார்கள்? அந்த நாட்டில் உன் வாயைப் பார்த்துக்கொண்டு யார் இருக்கிறார்கள்? கவிஞன் மறைத்துச் சொல்வது, நேராகச் சொன்னால் சிறுத்துப்போகிற ஒன்று அவனிடம் இருப்பதால். நீ மறைத்துச் சொல்வது, நேராகச் சொல்ல உன்னிடம் ஒன்றும் இல்லாததால் என்று நினைக்கிறேன். இதை எழுத எனக்குச் சந்தோஷமில்லை. இரண்டும் வெளியில் இருந்து பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும். இத்தனை வருடம் படிப்பித்தவளாலேயே வித்தியாசம் பிடிக்க முடியவில்லை என்றால், அவளை என்ன குறை சொல்வது.

வியாழக்கிழமை அவள் ஏரியைக் கொண்டுவந்தாள். வகுப்பு முடியும்வரை பின்வரிசை வாங்கில் இருந்தாள். எல்லாரும் போனதும் என் மேசைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டாள். "பத்துப் புள்ளிக் கேள்வி டீச்சர். கவனமாப் பாருங்கோ." பகிடியாகத்தான் சொன்னாள்.

ஏரி முழுக்க உறைந்திருந்தது. கரைப்பக்கம் மட்டும் ஒரு பாய் அளவு தண்ணீர். அதற்குள் ஒரு வாத்து.

"எல்லாம் உறைஞ்சு போச்சுது," என்றாள் அவள். "வேலை, விசா, குளிர், எல்லாம். ஆனா கரையில மட்டும் இன்னும் தண்ணி இருக்கு. அந்த வாத்து அதை விட்டுட்டுப் போகேல்ல பாருங்கோ. போறதெண்டால் பறந்து போயிருக்கலாம்தானே."

நல்ல நயம். அதற்குமேல் நானும் சேர்த்திருக்கலாம். பனி நிலைக்காது, காலம் மாறினால் உருகும், ஆகவே இது திரும்பி வரும் பருவத்தைக் குறிக்கிறது என்று. என் வாய்வரை வந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தச் சமயத்தில் ஓம் என்று தலையை ஆட்டியிருந்தால் போதும், அவள் இன்னும் பத்து வருடம் இருந்திருப்பாள்.

"இது ஒரு ஏரி, பிள்ளை," என்றேன். "குளிர் நாட்டில ஏரி உறையும். வாத்து நிக்கும். வேறை ஒண்டும் இதில இல்லை."

"டீச்சர்."

"அவன் வரமாட்டான் எண்டுதான் நான் நினைக்கிறன். நான் அவனோட கதைச்சனான். நீர் உம்மட முடிவை இந்தப் படத்தைப் பாத்து எடுக்காதையும்."

அவள் போனின் திரையை அணைத்தாள். பிறகு, "நீங்கள் அவன்ர அம்மா. நீங்களே இப்பிடிச் சொல்றீங்களா" என்றாள். போனைப் பைக்குள் வைத்தாள். தேத்தண்ணி குடிக்காமல் போனாள். நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொருளைப் பொருளாகவே காட்டிவிட்டேன் என்று கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை காலையில் அவள் வந்தாள். குளித்து, பூ வைத்து, முகம் வெளிச்சமாக இருந்தது. லண்டன் பெடியனைக் கட்டச் சம்மதித்துவிட்டாளாக்கும் என்று நினைத்து, எனக்குச் சந்தோஷமும் துக்கமும் சேர்ந்து வந்தது.

"டீச்சர், நேற்று அவையள் வந்து பாத்திட்டுப் போனவை. நான் வீட்டில வேண்டாமெண்டு சொல்லிட்டன்."

"ஏன்? நான் உமக்கு வியாழக்கிழமை சொன்னனான்தானே."

"சொன்னீங்கள். அதை யோசிச்சுத்தான் சொன்னனான்." அவள் சிரித்தாள். "பாட்டுகளில தாய் எப்பவும் மறிக்கிறவதானே. தாய் கதவைச் சாத்திறா எண்டால் உள்ளுக்கு விஷயம் இருக்கெண்டு நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள். ஒண்டும் இல்லாட்டி நீங்கள் ஏன் அவ்வளவு கடுமையாச் சொல்லோணும்?"

நான் படிப்பித்தேன். வார்த்தைக்கு வார்த்தை அப்படித்தான் படிப்பித்தேன். "பிள்ளை, நான் பாட்டில வாற தாய் இல்லை. வரமாட்டான் எண்டா வரமாட்டான் எண்டுதான் அர்த்தம்" என்றேன். அவள் தலையை ஒரு பக்கம் சரித்து, என்னைக் கனிவாகப் பார்த்தாள். நல்ல மாணவி கடினமான வரியைப் பார்க்கிற பார்வை அது. அந்தக் கணத்தில் எனக்கு எல்லாம் கைவிட்டுப் போனது. எதைச் சொன்னாலும் அதற்குக் கீழே ஒன்றைக் காணப் பழகிவிட்ட ஒருத்தியிடம் நேராகச் சொல்ல வழியே இல்லை. உன் அப்பா அந்த மேசையில் இருந்து என்னைப் பார்த்தபோது இப்படித்தான் இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலி வீதியில் பேக்கரிக்கு முன்னால் அவளுடைய அப்பா என்னை மறித்தார். புடவைக்கடை வைத்திருக்கிற, குரலை உயர்த்தாத மனிதர். "டீச்சர், ஒரு நிமிஷம். எனக்கு வேதம், சைவம் எண்ட பிரச்சினை ஒண்டும் இல்லை. சேர்ச்சோ கோயிலோ, அது அவையள் பாத்துக்கொள்ளட்டும். உங்கட மகன் வருவாரோ, வரமாட்டாரோ, அதை மட்டும் சொல்லுங்கோ. மாப்பிள்ளை வீட்டுக்கு நான் இன்னும் கடைசி முடிவு சொல்லேல்ல. மாசக் கடைசி வரைக்கும் பொறுங்கோ எண்டு வைச்சிருக்கிறன்."

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"தாய்க்கே தெரியாட்டி" என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. "சரி டீச்சர். வெயில், நீங்கள் போங்கோ" என்றார்.

அந்த லண்டன் பெடியன் நல்லவனா என்று எனக்குத் தெரியாது. அவனைக் கட்டினால் அவள் சந்தோஷமாக இருப்பாள் என்று நான் நம்புகிறேன் என்றும் இல்லை. நேராகக் கேட்டுக் கட்டினவர்களின் கதையை மேலே எழுதியிருக்கிறேன். அவள் அவனை வேண்டாம் என்று சொல்லலாம், யாரையுமே கட்டாமல் இருக்கலாம், அது அவள் பாடு. ஆனால் அதை ஒரு மனிதன் சொன்ன சொல்லை வைத்துச் செய்யட்டும். ஒரு வாத்தை வைத்துச் செய்யவேண்டாம். நான் சொல்லி எடுபடவில்லை. அவளுடைய அப்பா சொன்னாலும் எடுபடாது, பாட்டுகளில் அவருக்கும் ஒரு இடம் இருக்கிறது. உன்னுடைய வாயிலிருந்து வருகிற ஒரு வசனத்துக்கு மட்டும்தான் அவள் நயம் எழுதமாட்டாள் என்று நினைக்கிறேன். அதிலும் எனக்கு நிச்சயமில்லை.

நான் எழுத அவள் சம்மதித்தது, இதை வாசித்தால் நீ வாய் திறப்பாய், திறந்தால் 'ஓம்' என்று சொல்வாய் என்ற நம்பிக்கையில். என்னுடைய நம்பிக்கை அதைவிடச் சின்னது. நீ 'இல்லை' என்று சொன்னால் போதும். வரப்போகிறாய் என்றால் எந்த மாதம் என்று சொல். இரண்டும் தெரியாது என்றால், தெரியாது, என்னைப் பார்த்துக்கொண்டிருக்காதே என்று சொல். அதுவும் ஒரு வசனம்தான். அன்பு இருந்ததா இல்லையா என்பதை நான் கேட்கவில்லை. இருந்திருக்கலாம். வாங்கின் ஒரு பக்கத்தைத் துடைக்கும்போது உண்மையாகவே நீ அவளை நினைத்திருக்கலாம். அதை வைத்து யாரும் ஒரு வருடத்தையும் வாழ முடியாது, தம்பி.

இது ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வரும். அன்று பின்னேரம் ஐந்து மணிக்கு அவளை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். வகுப்பு வைக்கவில்லை. அந்த நேரம் அவளுக்குப் போன் எடு. வீடியோ வேண்டாம், குரல் போதும். சொல்லிவிட்டு உடனே வைத்துவிடாதே, அவள் அழுது முடியும்வரை இரு. நானும் பக்கத்தில் இருப்பேன்.

நீ எடுப்பாய் என்று நான் நினைக்கவில்லை. பெற்றவள் இப்படி எழுதக்கூடாது, ஆனால் உன்னை எனக்குத் தெரியும். எடுக்காவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருப்போம். இருட்டுகிற நேரத்தில் அவளுடைய போன் ஒரு சத்தம் போடும். அவள் அதைத் திறந்து, இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, என் பக்கம் திருப்புவாள்.

அம்மா